செங்குளவி டீமின் மேனேஜர்

எலவனாசூர்கோட்டையில் ஒரு ஆட்டுக்கிடா. தியாகதுருகத்தில் இரண்டு எவர்சில்வர் குடங்கள், அதில் ஒன்று மேடையில் கொடுக்கும்போதே ஒடுங்கியிருந்தது. கூத்தக்குடியில், பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்த டவுன் டீமை மண்ணைக் கவ்வ வைத்து ஒரு சுவர்க்கடிகாரம். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் சுழற்கோப்பை, அதுவும் இரண்டு தடவை. ஆம்பளைகள் மட்டுமே உட்காரும் கயிற்றுக்கு உள்பக்கம் தனக்கென்று ஒரு மடக்கு நாற்காலி. இவ்வளவும் நைனார்பாளையம் ராஜாம்பாள் ஜெயித்தது. அவள் பள்ளிக்கூடத்து வாசப்படி மிதிக்காதவள். கட்டினவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு என்று போய் அங்கேயே வேறு குடும்பம் கண்டுவிட்டதால் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட கபடி ஆடாதவள்.

கடைசியாகச் சொன்னதுதான் அண்ணன் வீரமுத்துவுக்குப் பொறுக்கவே முடியாத சங்கதி. ஆடுகிறவனுக்குப் பைத்தியம் பிடித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பார்க்கிறவளுக்குப் பிடித்தால் அதை என்னவென்று சொல்ல?

வீரமுத்து எட்டாவது வரை படித்தவன். ரைஸ் மில்லில் எடை போடுகிற வேலை. தராசு முள் ஆடாமல் நின்ற பிறகும் குனிந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் எடையைச் சொல்வான். வீட்டிலும் அப்படியே. சாவிக்கு ஒரு ஆணி, குடைக்கு ஒரு ஆணி, ஆணி மாறினால் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் வீட்டில்தான் தங்கச்சி வந்து சேர்ந்த ஆறாம் மாதத்திலிருந்து ஒரு பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

ஆடு மேய்க்க ஏரிப்பக்கம் போனவள் அவள். தண்ணி வற்றிய ஏரிக்குள் கோடு கிழித்துப் பையன்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் வாரம் கரைமேல் நின்று பார்த்தாள். இரண்டாம் வாரம் கரையிலிருந்து கத்த ஆரம்பித்தாள். "டேய் மார்ட்டின், பாடினு போறப்போ எடது காலப் பின்னாடி வுடாதடா! அதத்தான் அமுக்கறாங்க!" பையன்கள் சிரித்தார்கள். மார்ட்டின் மட்டும் அடுத்த தடவை இடது காலை உள்ளே இழுத்துக்கொண்டு போனான், மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அன்றோடு சிரிப்பு நின்றது. ஆடு இரண்டு பேர் கொல்லையில் மேய்ந்துவிட்டது, அதற்குப் பஞ்சாயத்தில் நின்று பதில் சொன்னவன் வீரமுத்து.

"ராஜி, கொடியில இருந்த வேட்டி எங்க?"

"எந்த வேட்டி?"

"கரை போட்டது. மாமனார் வூட்டுல எடுத்தது."

"அதுவா... இளவரசனுக்கு முட்டி பேந்துகிச்சிணா. ரத்தம் நிக்கவே இல்ல."

"அவனுக்கு முட்டி பேந்தா என் வேட்டியக் கிழிப்பியா நீ?"

"பாதிதான் கிழிச்சேன். மீதிய துண்டாக் கட்டிக்கயேன்."

உள்ளே அவன் பெண்டாட்டி கமலா சிரிக்கிற சத்தம் கேட்டது. "இன்னா சிரிப்பு அங்க?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு பொண்ணு அழைப்புக்கு எங்கண்ணன் முன்னாடி துண்டோட நிப்பீங்களே, அத நெனச்சேன்."

வேட்டி போனது. முட்டை போனது. முதுகு பிடித்தால் தேய்த்துக்கொள்ள வைத்திருந்த தைலம் போனது. சைக்கிள் பம்பு எதற்குப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. ஒன்றைக் கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும், அந்தப் பதிலில் எப்போதும் எவனோ ஒருவனுடைய முட்டியோ கணுக்காலோ இருக்கும்.

டீமுக்குச் செங்குளவி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். ஏழு பேர் ஆடுகிற டீமில் நாலு பேர் ஊர்ப் பையன்கள், மூன்று பேர் காலனிப் பையன்கள். ஊர்ப் பக்கம் இளவரசன், காலை வாரிப் பிடித்தானென்றால் விடாத பிடிகாரன். காலனிப் பக்கம் மார்ட்டின், மாதா கோயிலில் மணி அடிக்கிறவர் மகன், பாடிப் போனால் மூச்சு அறாது. முதல் போட்டிக்குப் போன அன்று ராஜாம்பாள் மோர் கரைத்து ஒரே ஒரு சொம்பில் எடுத்துப் போனாள். வேறு பாத்திரம் தூக்க அவளுக்குக் கை இல்லை, அவ்வளவுதான் காரணம். ஏழு பேரும் வாய் வைத்துக் குடித்துவிட்டு இறங்கினார்கள். ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொம்பில் வாய் வைக்காமல் ஒருத்தனும் கோட்டுக்குள் இறங்க மாட்டேன் என்றான். டீக்கடையில் காலனிக்காரர்களுக்குத் தனி கிளாஸ் கம்பியில் தொங்கிய காலம் அது. ஊரில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். கோப்பை வீட்டுக்கு வந்த பிறகு முணுமுணுப்பு கம்மியானது, நின்றுவிடவில்லை.

கூத்தக்குடி அம்பயர் ஒருவர் அவள் கத்துகிற கத்தலைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் தன் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். வந்தது வினை. ஒரு தடவை ஊதினால் நிறுத்து. இரண்டு தடவை ஊதினால் ஆள் மாறு. மூன்று தடவை நீளமாக ஊதினால் எது எப்படி இருந்தாலும் போட்டது போட்டபடி வந்து உயர வாரியாக வரிசையில் நிற்க வேண்டும். பிந்தி வருகிறவன் ஏரிக்கரையை முழுசாக ஒரு சுற்று ஓட வேண்டும். அந்த ஏரிக்கரையை ஒரு தடவை ஓடியவன் மறு தடவை பிந்தியதில்லை. சாயங்காலம் ஆனால் அந்த மூன்று விசில் வீரமுத்து வீட்டு அடுப்படி வரை கேட்கும். மாடு மிரளும்.

மேனேஜர் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டது மட்டும் அவன்தான். போட்டிக்குப் பெயர் கொடுக்கிற காகிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "ணா, இங்க ஒரு கையெழுத்து போடேன்" என்று சோற்றுக் கையோடு இருக்கும்போதுதான் நீட்டுவாள்.

ஒருநாள் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டர் அவனை உற்றுப் பார்த்தார். "நீங்க செங்குளவி அக்காவோட அண்ணன்தானே?" பதினெட்டு வருஷமாக அதே மில்லில் அதே தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் அவன். எடைக்கார வீரமுத்து என்று ஒருத்தன் சொல்லவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும், ஆறு மாதம் முன்பு வரை "புருஷன் வுட்டுட்டுப் போனவளோட அண்ணன்" என்று இதே பஸ்ஸில் அடையாளம் சொன்னார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கண்டக்டர் தராத சில்லறையை அவன் கேட்கவில்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் தங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு வாரம். புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, மில்லில் நெல் இல்லை. கேட்டது நியாயமானது என்பதில் வீரமுத்துவுக்குச் சந்தேகம் இல்லை. அவன் மகனுக்கும் சேர்த்துத்தானே கேட்டார்கள். அவனும் ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தான். காலனி ஜனங்கள் அந்த வாரம் வெளியே தலை காட்டவில்லை. எந்தப் பக்கம் எவன் எதைக் கிளப்புவானோ என்று இரண்டு பக்கமும் பயம் இருந்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் வெள்ளிமலையில் போட்டி. போன வருஷம் ஜெயித்த கோப்பையை எடுத்துப் போய் மேசைமேல் வைத்து ஆடி மீட்க வேண்டும். ஊரே கவிழ்ந்து கிடக்கும்போது ராஜாம்பாள் விடிய எழுந்து மோர் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"வெள்ளிமலைக்குணா."

"ரோட்டுல மரம் கெடக்குது. பஸ் கெடையாது. டீம்ல பாதி பேரு ரோட்டுல உக்காந்திருக்கானுங்க, மீதி பேரு வூட்டுல கதவ சாத்திக்கினு இருக்கானுங்க. உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"அதான், உக்காந்திருக்கறவங்களக் கூப்ட்டுக்கினு அப்டியே மார்ட்டின் வூட்டு வழியா போயிட்லாம்னு."

சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். சைக்கிளுக்குக் காற்று இல்லை, பம்பு எங்கே போனதென்று தெரியாது. அவன் பின்னாலேயே ஓடினான்.

சின்னசேலம் ரோட்டில் சாய்ந்த புளியமரத்துக்கு இந்தப் பக்கம் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முனியன் நின்று பேசிக்கொண்டிருந்தார். டிராக்டர் வைத்திருக்கிறவர், அந்தப் பக்கத்து மறியலுக்கு அவர்தான் பொறுப்பு, வீரமுத்துவுக்கு முறையில் மாமா. கூட்டத்துக்குள் இளவரசன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. ராஜாம்பாள் எட்டி எட்டிப் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், கோஷத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உடனே இடுப்பிலிருந்து விசிலை எடுத்தாள்.

"வேணாம்டி!" என்று வீரமுத்து வாயெடுப்பதற்குள் மூன்று தடவை, நீளமாக.

"போலீஸ்டா!" என்று எவனோ அலறினான். அவ்வளவுதான். நூறு பேரும் இரண்டு பக்கமும் கரும்புக்குள் பாய்ந்தார்கள். முனியன் பேச்சை முடிக்காமலே பாய்ந்தார். வீரமுத்துவுக்கு அது தன் தங்கச்சியின் விசில் என்று நன்றாகத் தெரியும். தினம் கேட்கிற சத்தம். பக்கத்தில் நின்றுதான் ஊதினாள். இருந்தும் என்ன, நூறு பேர் ஓடும்போது காலுக்கு அது தெரியவில்லை. ஒரு செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு அவனும் கரும்புக்குள் கிடந்தான்.

தோகையை விலக்கி எட்டிப் பார்த்தான். ரோடு காலி. சாய்ந்த மரம், யாரோ விட்டுப்போன கூழ்ப் பானை, சொம்பும் விசிலுமாக ராஜாம்பாள். அவள் முன்னால் நாலு பையன்கள் உயர வாரியாக, கை இரண்டையும் தொடையில் ஒட்டிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி நின்றார்கள். முதலில் இளவரசன். தான் என்ன செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும், உதடு மட்டும் அசைந்தது.

"அக்கா... இன்னாக்கா இது..."

"வெள்ளிமலைக்கு நேரமாவுதுடா."

"ரோடு இல்லக்கா."

"ரோடு எதுக்குடா? கால் இல்ல?"

கரும்புத் தோகை கிழித்த கீறல்களோடு ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். முனியன் தலையில் ஒரு சருகு நட்டுக்கொண்டு நின்றது. யாரும் அதைச் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒருத்தன் மட்டும், "மாமா இந்த வயசுலயும் இன்னா வேகம்!" என்றான். கூட்டம் முழுக்கச் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பை முனியன் மன்னிக்கவில்லை.

அன்று யாரும் மலையேறவில்லை. மலையிலிருந்தே ஆள் வந்து போட்டி சித்திரைக்குத் தள்ளிப் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனான். மறியல் முடிந்தது, மரத்தை அறுத்து ஓரம் கட்டினார்கள், பஸ் ஓடியது. செங்குளவிதான் ஓடவில்லை. ஊர்ப் பையன்கள் இனி ஏரிக்குள் இறங்கக் கூடாது என்று முனியன் சொல்லிவிட்டார். போராட்டத்தைக் கேலி செய்தவளிடம் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்றார். வெளியே சொன்ன காரணம் விசில். சொல்லாத காரணம் சொம்பு. அது எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் அவர் மில்லுக்கே வந்தார்.

"மாப்ள, காயிதத்துல மேனேஜர் நீதான? டீம் கலைஞ்சிடுச்சின்னு ஒரு கையெழுத்து போட்டு வெள்ளிமலைக்கு அனுப்பிடு. கப்பயும் குடுத்தனுப்பிடு. ஊர்ப் பசங்களுக்குத் தனியா வேற டீம் கட்டிக்கலாம்."

வீரமுத்து தராசு முள்ளைப் பார்த்தபடியே நின்றான். போட்டுவிட்டால் தொல்லை விட்டது. வேட்டி மிஞ்சும், முட்டை மிஞ்சும், மாடு மிரளாது. ஆனால் வீட்டில் ஒருத்தி மறுபடி யாராக ஆவாள் என்று அவனுக்குத் தெரியும். முதல் ஆறு மாதம் அவள் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் அவன்.

"மேனேஜர் நானில்ல மாமா. கையெழுத்து மட்டுந்தான் என்னுது."

"பின்ன யாரு? உன் தங்கச்சியா?" முனியன் மூட்டை தூக்குகிறவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "கைநாட்டு மேனேஜர் எந்த ஊர்லயாச்சும் உண்டாடா? அவ பேர அவ கையால எழுதட்டும்டா. நானே என் டிராக்டர்ல ஏழு பேரையும் ஏத்தி வெள்ளிமலைக்கு அனுப்பறேன்!"

மில்லே சிரித்தது. மில்லே சாட்சியும் ஆனது.

வீரமுத்து வீட்டுக்கு வந்து ராஜாம்பாள் முன்னால் நின்றான். "இனிமே நான் கையெழுத்து போட மாட்டேன்."

அவள் முகம் சுருங்கியது. "மாமா வந்தாராமே. பயந்துட்டியாணா?"

"நீயே போடு."

"எனக்கு எழுத வராதே."

"பின்ன ஊதத்தான் வருமா? மேனேஜர்னு சொல்லிக்கற இல்ல? போடு!"

அந்த மழைக்காலத்தை அவன் இன்றைக்கும் நினைத்துப் பார்க்க விரும்பமாட்டான். பல்பத்தை அரிவாள் பிடிப்பதுபோல் பிடித்தாள். ஊன்றினால் ஒடியும். ஒரு எழுத்துக்கு நாலு பல்பம். முக்கால் எழுத்து வரும்போது ஏரிப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் எழுந்து ஓடிவிடுவாள். ஏரிக்கரையில் நின்றுகொண்டு, எதிர்க்கரையில் நடப்பவன் எந்தக் கணுக்காலைச் சாய்த்து வைக்கிறான் என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, கண்ணெதிரே பலகையில் அண்ணன் போட்ட எழுத்தைப் பார்த்து எழுத வரவில்லை. "பாருடி! பார்த்து எழுதுடி!" என்று அவன் கத்தாத நாளில்லை. தைப்பொங்கல் வந்தும் 'ரா'வைத் தாண்டவில்லை.

ஆனால் சாயங்காலமானால், அந்த வருஷமும் நிரம்பாத ஏரிக்குள் போய் மூன்று விசில் ஊதுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு மாதம் யாரும் வரவில்லை. பிறகு மார்ட்டினும் காலனிப் பையன்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அடுத்த வாரம் எதிர்க்கரைமேல் இளவரசனும் மற்ற மூன்று பேரும் நின்றார்கள். ஏரிக்குள் இறங்கக் கூடாது என்றுதானே உத்தரவு, கரைமேல் நிற்கக் கூடாது என்று இல்லையே. விசில் கேட்டதும் அங்கேயே உயர வாரியாக வரிசையில் நின்றார்கள். ராஜாம்பாள் இங்கிருந்து கத்தினாள், அவர்கள் அங்கே குனிந்து நிமிர்ந்தார்கள். முனியனிடம் யாரோ போய்ச் சொன்னதற்கு, "கரை எங்கப்பன் வூட்டுதா?" என்று எரிந்து விழுந்தாராம்.

வழி கமலாவிடமிருந்து வந்தது. கொடியில் காய்ந்த டீம் பனியன்களை மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, இந்த நம்பர்லாம் யாரு தெச்சது?"

"அவதான். யாரு தெப்பா?"

"அச்சு போட்ட மாதிரி இருக்குதே. பல்பத்த வுட்டுட்டு ஊசியக் குடுத்துப் பாருங்களேன்."

அவன் பலகையை முறைத்துப் பார்த்தான். இத்தனை மாதம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். பிறகு முன்பு கிழித்த கரை வேட்டியின் மீதிப் பாதியை எடுத்தான். டெய்லர் சாக்குக்கட்டியால் அவள் பெயரைப் பெரிதாக எழுதினான். அவள் சிவப்பு நூல் கோத்து அதன்மேலேயே தைத்தாள். முதல் தடவையே பிசகவில்லை. தைத்ததைப் பிரித்தாள், மறுபடி தைத்தாள், பிறகு கோடு இல்லாத துணியில் தைத்தாள். மாசி முடிவதற்குள் விரலுக்கு வழி தெரிந்துவிட்டது. அதன்பிறகு பென்சிலைக் கொடுத்தான். ஊசி பிடிப்பதுபோல் நுனியில் பிடித்து, சங்கிலித் தையல் போல எழுத்தோடு எழுத்தைக் கோத்து எழுதினாள். வேறு எழுத்து எதுவும் வராது. அது மட்டும் வந்தது.

சித்திரையில் வெள்ளிமலைப் போட்டிக்காரர் சடையன் டீம்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டு போக மலையிறங்கி வந்தார். வருஷா வருஷம் பஸ் ஸ்டாப்பு டீக்கடை பெஞ்சில்தான் உட்காருவார். செய்தி கேட்டு மில்லில் அன்று சிரித்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். முனியன் எதிர் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ராஜாம்பாள் வந்தாள், பின்னால் வீரமுத்து. கொஞ்சம் தள்ளி ஏழு பையன்கள், நாலு பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல நின்றார்கள்.

சடையன் வழக்கம்போலக் காகிதத்தை வீரமுத்துவிடம் நீட்டினார். "மேனேஜர் கையெழுத்துங்க."

"என்கிட்ட ஏன் குடுக்கறீங்க?" என்றான் வீரமுத்து. "மேனேஜர் தோ நிக்கிறாங்க."

முனியன் கிளாஸைக் கீழே வைத்தார்.

ராஜாம்பாள் மண்டியிட்டு உட்கார்ந்து பெஞ்சின்மேல் காகிதத்தை வைத்தாள். பேனா கசிந்தது. முந்தானையில் துடைத்தாள். எழுத ஆரம்பித்தாள். ஒரு பஸ் வந்து ஆள் இறக்கிவிட்டுப் போனது, அவள் தலை நிமிரவில்லை. 'ஜா'வில் ஒரு கணம் நின்றாள். வீரமுத்துவுக்குக் கத்தல் வாய் வரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டான். கை தானாக வழி கண்டு மேலே போனது. எழுதி முடித்து, தையலை முடித்த பிறகு நூலை அறுப்பதுபோல் பேனாவை வெடுக்கென்று இழுத்தாள்.

சடையன் எடுத்துப் பார்த்தார். வீரமுத்து வாங்கிப் பார்த்தான். முள் நின்ற பிறகு பார்ப்பதுபோல் குனிந்து இன்னொரு தடவை பார்த்தான். பிசகில்லை.

"மாமா, டிராக்டரு..." என்று மூட்டை தூக்குகிறவன் ஒருவன் இழுத்தான்.

"தெரியும்டா. எனக்கு ஞாபகம் இல்லன்னு நெனச்சியா?" முனியன் எழுந்து துண்டை உதறினார். "ஏறும்போது செருப்பக் கழட்டிட்டு ஏறச் சொல்லு. கழுவி வெச்சிருக்கேன்."

"சரிங்க மாமா," என்றாள் ராஜாம்பாள். "மோருக்குச் சொம்பு ஒண்ணுதாங்க எடுத்தாருவேன்."

முனியன் அவளைப் பார்த்தார். ஏழு பையன்களையும் பார்த்தார். "எத்தினி சொம்புனு நான் கேட்டனா?" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு நடந்தார்.

ராஜாம்பாள் கை இடுப்புக்குப் போவதைப் பார்த்து வீரமுத்து, "இங்க ஊதாதடி!" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீக்கடை அதிர மூன்று விசில் கேட்டது. ஏழு பேரும் பெஞ்சுக்கு முன்னால் உயர வாரியாக நின்றார்கள். சடையன் காதைப் பொத்திக்கொண்டு, கையெழுத்துக்குக் கீழே தேதி போட வேண்டும் என்றார். அதற்கு அவள் யாரையும் கேட்கவில்லை. பனியன் முதுகில் தைத்துத் தைத்து நம்பரெல்லாம் எப்போதோ கை பழகிப் போயிருந்தது. மறுபடி மண்டியிட்டு, தன் பெயருக்குக் கீழே எழுதினாள்: 24-4-1988.